மாலத்தீவா, மலையா: சத்தமில்லாத ஐந்து நாளுக்கு எங்கே போவது?

கேள்வி: மடிப்பாக்கத்தில் குடியிருக்கிறோம். மெட்ரோ வேலை, தண்ணீர் லாரி, எதிர்வீட்டை இடித்துக் கட்டுவது என்று ரொம்ப நாளாக நல்ல தூக்கமே இல்லை. நான் பள்ளித் தலைமை ஆசிரியை, கணவர் வங்கியில் இருக்கிறார். பிப்ரவரி முதல் வாரம் ஐந்து நாள் லீவு போட்டு எங்காவது போகலாம் என்று இருக்கிறோம். ஊர் சுற்ற வேண்டாம். அமைதியாகக் கிடந்து தூங்கினால் போதும். ஒன்றரை லட்சம் வரை செலவழிக்கலாம். எல்லோரும் மாலத்தீவு போகச் சொல்கிறார்கள். போகலாமா?

பதில்: இந்த முறை மாலத்தீவு வேண்டாம். கோத்தகிரி, குன்னூர் பக்கம் ஏழெட்டு அறைகளுக்கு மேல் இல்லாத ஒரு பழைய எஸ்டேட் பங்களாவைப் பிடியுங்கள். ஞாயிறு இரவு சென்னையில் ரயில் ஏறி, வெள்ளி மாலை வரை அங்கேயே கிடங்கள். கையில் காசு மிஞ்சும். அவசரம் என்றால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று கேட்பீர்களானால் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

சென்னையிலிருந்து ஆட்களை இந்த மாதிரி இடங்களுக்கு அனுப்பி வைப்பதுதான் என் தொழில். "அமைதியான இடம்" என்று கேட்டு வருகிறவர்கள் முதலில் பார்ப்பது எத்தனை நட்சத்திர ஓட்டல் என்பதை. அதற்கும் அமைதிக்கும் சம்பந்தமே கிடையாது. நட்சத்திரம் கொடுப்பவர்கள் லிஃப்ட் இருக்கிறதா, ராத்திரி முழுக்க ரூம் சர்வீஸ் உண்டா என்றெல்லாம் பார்ப்பார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அறைக்குள் என்ன கேட்கிறது என்று பார்க்க மாட்டார்கள். பெரிய ஐந்து நட்சத்திர ரிசார்ட்டுக்கு வருமானமே கல்யாணமும் கம்பெனி மாநாடும்தான். நூறு அறை இருக்கிறது என்றால் அதை நிரப்பியாக வேண்டும். நிரப்பினால் காலை டிபன் ஹாலில் தோசைக் கல்லுக்கு முன்னால் வரிசை நிற்கும்.

அமைதிக்காகக் கொடுக்கும் காசு உண்மையில் அங்கே இல்லாத ஆட்களுக்காகக் கொடுக்கும் காசு. ஆறு ஏக்கரில் ஆறு அறை இருந்தால், மீதி அறைகளைக் கட்டாமல் விட்டதற்குச் சேர்த்துத்தான் வாடகை. அதனால் நான் முதலில் கேட்பது மொத்த அறை எத்தனை என்பதை. நீச்சல்குளம், ஸ்பா எல்லாம் அதற்குப் பிறகு.

அடுத்தது முகூர்த்தம். இதை எந்த புக்கிங் ஆப்பும் சொல்லாது; வீட்டில் தொங்கும் தினசரி காலண்டர் சொல்லும். நீங்கள் கேட்கும் பிப்ரவரி முதல் வாரம் தை மாதம். தை பிறந்ததும் ஈசிஆர் எனும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீலாங்கரை தாண்டி மாமல்லபுரம் வரை கடலோர ரிசார்ட் ஒவ்வொன்றிலும் பந்தல் போட்டுவிடுவார்கள். மெஹந்தி, சங்கீத் எல்லாம் இப்போது நம் வீட்டுக் கல்யாணத்திலும் வந்துவிட்டதால் ஒரு கல்யாணம் என்றால் மூன்று ராத்திரி. பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும் என்பது சட்டம்: 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இரவு பத்து முதல் காலை ஆறு வரையை இரவு என்று எடுத்துக்கொண்டு, குடியிருப்புப் பகுதிக்கு அந்த நேரத்தில் 45 டெசிபல் என்று வரம்பு வைக்கின்றன. டிஜேக்காரர் பத்து மணிக்கு நிறுத்தினாலும் சொந்தபந்தம் நிறுத்தாதே. தாழ்வாரத்தில் சித்தப்பாக்கள் உட்கார்ந்து பழைய கதை பேசுவதற்கு எந்த விதியும் இல்லை.

இதே ஈசிஆர் ஆடி மாதத்தில் வேறு ஊர். நம் பக்கம் ஆடியில் கல்யாணம் வைப்பதில்லை. வடக்கே அப்போது சாதுர்மாஸ்யம் என்னும் விரத காலம், அவர்களும் வைப்பதில்லை. ஆடியில் செவ்வாய், புதன் பார்த்துப் போனால் அதே ரிசார்ட் பாதி காலியாக, வாடகையும் இறங்கிக் கிடைக்கும். கொஞ்சம் புழுங்கும், அவ்வளவுதான். மார்கழியிலும் முகூர்த்தம் இல்லையே என்று கேட்பார்கள். அப்போது கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் கூட்டம் வந்துவிடும், ஏமாறாதீர்கள். கிராமப்பக்கம் போனால் கோயில் மைக் செட் விடிகாலை நாலரைக்கே தொடங்கிவிடும்.

மாலத்தீவுக்கு வருகிறேன். இடத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு தீவுக்கு ஒரே ரிசார்ட் என்பதுதான் அங்கே வழக்கம். 1972ல் முதல் ரிசார்ட் திறந்ததிலிருந்து அப்படித்தான் வளர்த்தார்கள். தெரு கிடையாது, ஹார்ன் கிடையாது. தனிமைக்கு அதைவிடப் பொருத்தமான அமைப்பு இந்தப் பக்கத்தில் இல்லை. ஆனால் பிப்ரவரி அங்கே மழையில்லாத உச்ச சீசன். ஐரோப்பாவில் குளிர் தாங்காமல் வருகிறவர்கள் எல்லாம் அப்போதுதான் வருவார்கள். விளம்பரத்தில் போடும் வாடகையோடு கணக்கு முடியாது: பத்து சதவீத சேவைக் கட்டணம், 17 சதவீத ஜிஎஸ்டி, ரிசார்ட்டில் தங்கினால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 டாலர் பசுமை வரி, இது போகத் தீவுக்குக் கொண்டுபோய் விட ஸ்பீட் போட் அல்லது கடல் விமானக் காசு. கடல் விமானம் வெளிச்சம் இருக்கும்போது மட்டும்தான் பறக்கும். நம் விமானம் சாயங்காலம் போய் இறங்கினால் ஒரு ராத்திரி மாலேவிலேயோ பக்கத்துத் தீவிலேயோ கழிக்க வேண்டியதுதான். அந்தச் சின்ன விமானத்தின் இரைச்சலுக்குக் காதில் அடைத்துக்கொள்ளப் பஞ்சு கொடுப்பார்கள் என்பது தனிக்கதை.

ஒன்றரை லட்சத்தில் இரண்டு பேருக்கு விமானம், தீவுக்குப் போகும் படகுச் செலவு, வரி எல்லாம் போக மிஞ்சுவதில் கிடைப்பது நெருக்கமாக அறைகள் வைத்த, குழந்தைகள் கும்மாளம் போடும் நடுத்தர ரிசார்ட். அந்தக் காசுக்கு நீலகிரியில் ஒரு பங்களாவின் நல்ல அறையே கிடைக்கும். மாலத்தீவை வைகாசி, ஆனியில் யோசியுங்கள். மழைக்காலம், விலை இறங்கும். தூங்கப் போகிறவருக்கு மழை பெய்தால் என்ன நஷ்டம்?

இலங்கையையும் சிலர் சொல்வார்கள். அட்டன் பக்கம் காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றி பழைய தேயிலைத் துரை பங்களாக்களை விடுதியாக மாற்றி 2005 முதல் நடத்துகிறார்கள். சிலோன் டீ டிரெயில்ஸ் என்று பெயர். பங்களாவுக்கு நாலைந்து அறை, சமையற்காரர், பட்லர் என்று அந்தக் காலத்து ஏற்பாடு. ஓய்வுக்காகப் போகிறவர்களுக்கு நம் பக்கத்தில் அதற்கு ஈடான இடம் குறைவு என்பது என் அபிப்பிராயம். பிப்ரவரியும் அங்கே நல்ல மாதம். ஆனால் உங்கள் பட்ஜெட்டுக்குள் வராது. மேலும் கொழும்பிலிருந்து மலையேறிப் போவதற்கே ஒரு பகல் போய்விடும்.

ஐந்து நாளில் இது முக்கியம். புது இடத்தில் முதல் ராத்திரி யாருக்கும் தூக்கம் சரியாக வராது. இதை 2016ல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் மூளை அலைகளைப் பதிவு செய்தே பார்த்தார்கள். புது இடத்தில் முதல் ராத்திரி மூளையின் இடது பக்கத்தில் ஒரு பகுதி ஆழ்ந்து தூங்காமல் காவல் இருக்கிறது. சின்னச் சத்தத்துக்கும் எழுப்பிவிடுகிறது. அடுத்தமுறை அதே இடத்தில் படுத்தபோது அந்த வித்தியாசம் காணோம். ஆகவே இரண்டு ராத்திரி ஊட்டி, இரண்டு ராத்திரி கொடைக்கானல் என்று பிரித்தால் நாலு ராத்திரியில் இரண்டு முதல் ராத்திரி ஆகிவிடும். டிராவல்ஸ்காரர்கள் போடும் பேக்கேஜ் எல்லாம் இப்படித்தான் இருக்கும், ஒரே இடத்தில் உட்காரவைத்தால் அவர்களுக்குக் காருக்கு வேலை இல்லையே! நீங்கள் அறையை மாற்றாதீர்கள். கட்டிலைக்கூட மாற்றாதீர்கள்.

சென்னைக்காரர்களுக்கு என்று இன்னொரு சிக்கல் உண்டு. நமக்குப் பிறந்ததிலிருந்து தலைக்கு மேல் ஃபேன் ஓடிப் பழக்கம். கோத்தகிரியில் பழைய பங்களாக்களில் மின்விசிறியே இருக்காது, தேவையும் இல்லை. பத்து மணிக்கு விளக்கை அணைத்ததும் ஒரு நிசப்தம் வரும் பாருங்கள், அதில் மரப்பலகைத் தரை குளிரில் 'டக்' என்று ஒலிப்பது, ஓட்டுமேல் ஏதோ ஓடுவது, பக்கத்தில் படுத்திருப்பவரின் மூச்சு எல்லாம் தனித்தனியாகக் கேட்கும். தூக்கத்தைக் கெடுப்பது சத்தத்தின் மொத்த அளவைவிட, அமைதிக்கு நடுவே திடீரென்று எழும் சத்தம். சீராக ஓடும் ஃபேன் சத்தம் அந்தத் திடீர் ஒலிகளை மூடிவிடும். அமைதி தேடிப் போனவர்கள் முதல் ராத்திரியே "இங்கே என்னமோ தூக்கம் வரலை" என்று எனக்குப் போன் போடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். போனில் ஃபேன் சத்தம் பதிவு செய்து வைத்துக்கொண்டு போங்கள், முதல் இரண்டு ராத்திரிக்கு மெதுவாக ஓடவிடுங்கள். கேட்டால் டேபிள் ஃபேனும் கொண்டுவந்து சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போவார்கள்.

ஏன் ஊட்டி வேண்டாம், கோத்தகிரி என்கிறேன்? ஊட்டி கெட்டுப்போய்விட்டது என்று புலம்ப வரவில்லை. ஆனால் எல்லா வண்டியும் போய்ச் சேரும் இடம் அது. உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் 2024 மே முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வைத்தார்கள். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பு போட்டார்கள். கூட்டம் எவ்வளவு என்று அதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். கோத்தகிரி மேட்டுப்பாளையத்திலிருந்து தனிப் பாதை, வளைவுகளும் சற்றுக் குறைவு. அங்கே பார்ப்பதற்கு கோடநாடு காட்சிமுனை, ஒரு அருவி, அவ்வளவுதான். பார்க்க ஒன்றுமில்லாத ஊர்தான் தூங்க நல்ல ஊர். உள்ளூர் நீலகிரிப் பதிவு டாக்ஸியை மேட்டுப்பாளையத்துக்கே வரச் சொல்லுங்கள். டிஎன் 43 வண்டிக்கு இ-பாஸ் தொல்லை இல்லை.

காடு பிடிக்கும் என்றால் மசினகுடிப் பக்கமும் நல்ல யோசனைதான். பந்திப்பூர் காட்டுக்குள் போகும் சாலைகளில் 2009 முதல் இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை போக்குவரத்துத் தடை இருக்கிறது. மிருகங்களுக்காகப் போட்ட தடை, ஆனால் அந்தப் பக்கம் தங்குகிறவர்களுக்கும் லாபம்: ராத்திரி லாரியே கிடையாது. ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சீகூர் யானை வழித்தடத்தில் இருந்த ரிசார்ட்டுகளை மூடச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆகவே அங்கே விடுதி பிடித்தால் உரிமம் சரியாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பிடியுங்கள். யானை நடக்கும் வழியில் படுத்துக்கொண்டு அமைதி தேடுவது நியாயமும் இல்லை.

செட்டிநாட்டை ஏன் சொல்லவில்லை என்று உங்கள் கணவர் கேட்கலாம். எனக்குக் கானாடுகாத்தான் மேல் தனிப் பிரியம் உண்டு. எழும்பூரில் பல்லவன் ஏறினால் காரைக்குடி. அகலமான நேர்த்தெருக்கள், இரண்டு பக்கமும் கோட்டை மாதிரி வீடுகள், வீட்டுக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். சாயங்காலம் ஒரு தெருவை முழுக்க நடந்து முடித்தால் எதிரே இரண்டு சைக்கிளும் ஒரு நாயும் வந்தால் அதிகம். விசாலம், சிதம்பர விலாஸ், சாரதா விலாஸ் என்று அந்தச் சுற்றுவட்டாரத்துப் பழைய வீடுகளில் தங்கலாம். தடித்த சுண்ணாம்புச் சுவர், நடுவில் முற்றம், காலுக்குக் குளுமையாக ஆத்தங்குடிக் கல். மதியம் சாப்பிட்டுவிட்டு அந்தத் தரையில் நடந்துபோய்க் கட்டிலில் விழுந்தால் நாலு மணி வரை எழுந்திருக்க மனசு வராது. ஆனால் தை மாதம்! வெளியூரில் இருக்கும் நகரத்தார் வீடு திறப்பதே கல்யாணத்துக்கும் கோயில் காரியத்துக்கும்தான். நீங்கள் போகும் வாரம் அந்தத் தெருவில் ஒரு வீடு திறந்தால் மேளமும் மைக் செட்டும் சேர்ந்து திறந்துவிடும். கார்த்திகை கடைசிக்கோ, விடிகாலைக் கோயில் மைக்கைப் பொறுத்துக்கொண்டால் மார்கழி முதல் பாதிக்கோ வைத்துக்கொள்ளலாம். மயிலும் விடிகாலை கத்தும், அதற்கு முகூர்த்தம் கிடையாது.

கேரளா பக்கம் கொல்லங்கோட்டில் பழைய அரண்மனை ஒன்றில் களரி கோவிலகம் நடக்கிறது. ஆயுர்வேத சிகிச்சை, மது மாமிசம் கிடையாது, பத்திய சாப்பாடு. அதெல்லாம் வாரக்கணக்கில் போய்த் தங்குகிறவர்களுக்கு, ஐந்து நாளுக்குச் சரிப்படாது. ஓய்வு பெற்ற பிறகு பாருங்கள். "அமைதிதானே வேண்டும், இலவசமாகவே கிடைக்கிறதே" என்று திருமுடிவாக்கத்தில் இருக்கும் விபாசனா தியான மையத்தைச் சிலர் சொல்வார்கள். பத்து நாள், பேசக் கூடாது, சாப்பாடும் தங்குவதும் காசில்லாமல், விருப்பமிருந்தால் கடைசியில் நன்கொடை. நல்ல காரியம்தான். ஆனால் காலை நாலு மணிக்கு மணியடித்து எழுப்பிவிடுவார்கள், நாள் முழுக்க உட்கார வேண்டும். அது உழைப்பு, உங்களுக்கு இப்போது தேவை அதுவல்ல.

இனி புக்கிங். ஆப்பில் தேடுங்கள், ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் விடுதிக்கே போன் போட்டுப் பேசுங்கள். ரிசர்வேஷன் ஆளிடம் வேண்டாம், மேனேஜரைக் கேளுங்கள். "அந்த வாரம் ஃபங்ஷன், குரூப் ஏதாவது இருக்கா?" என்று நேராகவே கேட்டால் பொய் சொல்ல மாட்டார்கள். ஜெனரேட்டர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேளுங்கள். மலையில் கரண்ட் போகும், அது ஓடும், உங்கள் தலைமாட்டுச் சுவருக்குப் பின்னால் ஓடக் கூடாது. கிச்சனுக்கும் பாத்திரம் கழுவும் இடத்துக்கும் தள்ளி அறை வேண்டும். பக்கத்து அறைக்கு நடுக்கதவு உள்ள அறையைத் தந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சுவர் எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் அந்தக் கதவின் அடியில் விரல் நுழையும் இடைவெளி இருக்கும், பக்கத்து அறைக்காரர் மகளோடு வீடியோ கால் பேசுவது முழுக்கக் கேட்கும். மரத்தளம் போட்ட மாடி வீடு என்றால் மேல்மாடி அறையைக் கேளுங்கள், கீழே படுத்தால் மேலே நடப்பவரின் குதிகால் எண்ணிக்கொண்டு கிடக்க வேண்டும்.

அறைக்குள் போனதும் பெட்டியைப் பிரிக்காதீர்கள். குட்டி ஃபிரிட்ஜ் இருந்தால் பிளக்கைப் பிடுங்குங்கள், விளக்கு ஹீட்டர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு பத்து நிமிஷம் கட்டிலில் சும்மா உட்காருங்கள். தண்ணீர் மோட்டார், பைப்பில் தண்ணீர் இறங்குவது, ரோட்டில் பஸ் கியர் மாற்றுவது எல்லாம் அந்தப் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். பிடிக்கவில்லை என்றால் அப்போதே அறை மாற்றக் கேளுங்கள். துணி அடுக்கின பிறகு யாருக்கும் கேட்க மனசு வராது. காலையில் அறை சுத்தம் செய்ய வருகிறவரை பதினோரு மணிக்கு மேல் வரச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் எட்டரைக்கே கதவு தட்டும்.

காசு விஷயம் ஒன்று. அறை வாடகை ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை என்றால் 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி ஐந்து சதவீதம். அதற்கு மேல் போனால் 18. எட்டாயிரம் சொல்கிறவரிடம் வார நாள்தானே என்று பேசிப் பாருங்கள், 7,500க்கு இறங்கினால் வரியோடு சேர்த்து ஒரு நாளைக்கு ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் உங்களுக்கு மிச்சம். உங்கள் பட்ஜெட்டுக்கு இதைவிட மேலான அறையே எடுக்கலாம், ஆனாலும் விலை ஏறினால் அமைதி ஏறும் என்று நினைக்காதீர்கள். இருபதாயிரம் ரூபாய் அறையில் ஏறுவது பெரும்பாலும் குளியலறையின் அளவு.

போன் சிக்னல் இல்லாத இடமாகப் பாருங்கள் என்று சிலர் கேட்பார்கள். அந்தக் காலம் போய்விட்டது. அந்தமானுக்கே 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலுக்கடியில் கேபிள் போட்டுவிட்டார்கள். ஸ்கூலுக்கு உதவித் தலைமை ஆசிரியர் எண்ணையும் வீட்டுக்கு ஒரே ஒரு சொந்தக்காரர் எண்ணையும் தவிர மற்றதை மௌனத்தில் போடுங்கள். இன்னொன்று: போகும் முன் ஸ்டேட்டஸ் போடாதீர்கள். "நாங்களும் அந்த வாரம் ஃப்ரீதான், சேர்ந்து ஒரு வேன் பிடிச்சிடலாமா அண்ணி?" என்று யாராவது கேட்டுவிட்டால் மறுக்க முடியாது, அப்புறம் நான் சொன்னது அத்தனையும் வீண்.

பிப்ரவரி ராத்திரி கோத்தகிரியில் நன்றாகவே குளிரும். கணப்பு அடுப்பு அல்லது ஹீட்டர் உண்டா என்று கேட்டு வையுங்கள், கம்பளிக் காலுறை எடுத்துப் போங்கள். பாதம் சில்லென்று இருந்தால் தூக்கம் பிடிக்க நேரமாகும். இரவு சாப்பாட்டை ஏழரைக்கே தரச் சொல்லுங்கள். ரயிலுக்கு சென்ட்ரலில் ஒன்பது மணி வாக்கில் கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ், விடிகாலை மேட்டுப்பாளையம். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, பிப்ரவரிக்கு டிசம்பர் முதல் வாரமே உட்கார்ந்து போட்டுவிடுங்கள். முதல் வகுப்பு ஏசி கிடைத்தால் எடுங்கள், கிடைக்காவிட்டால் இரண்டாம் வகுப்பு ஏசியில் பெட்டியின் நடுவில் இரண்டு கீழ் பெர்த். கதவோரம் வேண்டாம், ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கதவு அடித்துக்கொண்டே இருக்கும்.